6 அடிச் சந்து ‘ரெசிடென்ஷியல்’ தெருவா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) சம்பளக் குழுக்களும் ஆர்வலர்களும்

முடுக்குக்காரன் · காலை 7:40

கம்பெனி சம்பளத்துக்கு வரைபடம் தொகுக்கிற குழு (சம்பளக் குழு) ஒண்ணுல இருக்கிற நீலக்கோடு நேத்து வேறொரு இழையில எழுதினது இது: “ஆர்வலர்கள் டீக்கடையும் வேப்பமரமும் போடுறதோட சரி. வண்டி ஓடுற வரைபடத்தைக் கட்டினது தொழில்முறைக் குழுக்கள்தான்.”

இதைப் படிச்சிட்டு சும்மா போக முடியலை. யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் 2004-ல பிரிட்டன்ல ஆரம்பிச்சப்ப எந்தக் கம்பெனி கூட வந்தது? பிரிட்டன் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயோட தரவு இலவசமாக் கிடைக்காதுன்னு, ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கிட்டு நடந்தும் சைக்கிள் மிதிச்சும் வரைஞ்சவங்க ஆர்வலர்கள். பிங் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையலாம்னு அனுமதி கிடைச்சதே 2010 கடைசியிலதான்.

பழங்கதை போகட்டும். “வண்டி ஓடுற வரைபடம்”னீங்கள்ல? கும்பகோணத்துல கோயில் குளத்துக்குத் தெற்கே இருக்கிற 6 அடிச் சந்தை எடுத்துக்குவோம். வரைபடத்துல அந்தக் கோட்டோட மூணாம் பதிப்பு வரைக்கும் டேக் (குறிச்சொல்) ஹைவே=ஃபுட்வே, அதாவது நடைவழி. நாலாம் பதிப்புல சம்பளக் குழுக் கணக்கு ஒண்ணு அதை ஹைவே=ரெசிடென்ஷியல், அதாவது குடியிருப்புத் தெரு ஆக்கியிருக்கு. மாற்றக் குறிப்புல ஒரு ஹேஷ்டேக், “சாலை வகை திருத்தம்”, அவ்வளவுதான். 6 அடி! ரெசிடென்ஷியல்னா வழி கண்டுபிடிக்கிற மென்பொருளான ஓஎஸ்ஆர்எம்-ஓட கார் ப்ரொஃபைல் (காருக்கான அமைப்பு) மணிக்கு 25 கிலோமீட்டர்னு கணக்குப் போடும். சந்து முனையில தண்டவாளத் துண்டு ஒண்ணு நட்டு வெச்சிருக்கு, கார் நுழையக் கூடாதுன்னே நட்டது. அது வரைபடத்துல இல்லை.

6 அடிச் சந்து எப்படி ரெசிடென்ஷியல்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

நீலக்கோடு · காலை 8:15

முடுக்கு சார், நான் எழுதினதுல முன்னும் பின்னும் வெட்டிட்டு நடுவுல மட்டும் ஒட்டியிருக்கீங்க. பரவாயில்லை, சொன்னதை மாத்திக்கப் போறதில்லை.

வரைபடத்துல வண்டி ஓடணும்னா தெருக்கள் ஒரே புள்ளியில சேர்ந்திருக்கணும். ரெண்டு கோடு கண்ணுக்குத் தொட்டுக்கிட்டு இருந்தாலும் பொதுவான நோடு (புள்ளி) இல்லேன்னா வழிகாட்டிக்கு அது சந்திப்பே இல்லை. “இங்கே திரும்பக் கூடாது”ங்கற திருப்பத் தடைன்னா அதோட ரிலேஷன்ல (இணைப்புப் பதிவுல) ஃப்ரம், வயா, டூ (எந்தத் தெருவுல இருந்து, எது வழியா, எந்தத் தெருவுக்கு) மூணு உறுப்பும் சரியா இருக்கணும். ஆர்வலர்கள் பேர் மாறுற இடத்துல தெருவை ரெண்டா வெட்டுவாங்க. வெட்டின எந்தத் துண்டு அந்த ரிலேஷன்ல இருக்கணும்னு பார்க்கறதே இல்லை, அதோட தடை உடைஞ்சு போகும். அதைத் தேடிப் பிடிச்சு ஒட்டுறது யாருங்க? சம்பளம் வாங்குற ஆளுங்கதான்.

அந்தச் சந்துல ரெண்டு பக்கமும் வீட்டு வாசல். வீடுகளுக்குப் போற வழி ரெசிடென்ஷியல்தான். ஃபுட்வேன்னு விட்டா பைக்குக்கும் வழி கிடைக்காது, டெலிவரி பண்றவர் 80 மீட்டர் முன்னாடியே வண்டியை நிறுத்திட்டு நிப்பார். இருக்கட்டும், 6 அடின்னு அளந்தது யாரு?

முடுக்குக்காரன் · காலை 8:22

டேப் வெச்சு அளந்தது. சுவருக்குச் சுவர் 6 அடி. ரெண்டாம் பதிப்புலேயே விட்த்=1.8 (மீட்டர்ல அகலம்) இருக்கு, சோர்ஸ்=நேரில்னும் இருக்கு. உங்க ஆள் அதை அழிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

பைக்குக்கு வழி வேணும்னா ஃபுட்வேயோட மோட்டார்சைக்கிள்=யெஸ் சேர்த்தா முடிஞ்சுது. ஒரு டேக் சேர்க்க வேண்டிய இடத்துல தெருவோட வகையையே தூக்கி மாத்திட்டாங்க.

நீலக்கோடு · காலை 8:41

விட்த்=1.8 அப்படியே இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஓஎஸ்ஆர்எம் கார் ப்ரொஃபைல்ல வண்டி அகலம் 1.9 மீட்டர். விட்த் அதைவிடக் குறைஞ்சா அந்த வழியைக் காருக்கு அடைச்சிடும். அப்போ “25 கிலோமீட்டர்” எங்கே வந்தது? கார் உள்ளேயே போகாது.

முடுக்குக்காரன் · காலை 8:49

எல்லா வழிகாட்டியும் விட்த் படிக்குதா? ஹைவே வகையை மட்டும் பார்த்துக் கோடு போடுற செயலிகள் எத்தனை இருக்கு! வகை தப்பா இருக்கு, ஆனா இன்னொரு டேக் காப்பாத்திடும்னு சொல்றது வேலைக்கு ஆகாது. அந்த விட்த்தைப் போட்டதும் ஆர்வலர்தான், அதையும் சேர்த்து எழுதுங்க. 6 அடி 6 அடிதான்.

டீக்கடை_பின் · காலை 9:05

வேப்பமரம், டீக்கடைன்னு ஏளனம் பண்றவங்களுக்கு டீக்கடையை எப்படிப் போடணும்னு தெரியுமான்னு முதல்ல பாருங்க. ஷாப்=டீ-ன்னா டீத்தூள் விக்கிற கடை. உட்கார்ந்தோ நின்னோ டீ குடிக்கிற இடம் அமெனிட்டி=கஃபே, க்யூசின்=டீ. மொத்தமா ஏத்தின பட்டியல்ல தமிழ்நாட்டு டீக்கடை பூராவும் ஷாப்=டீ. திறக்கும் நேரம் கிடையாது, பேர் எல்லாம் ஆங்கிலத்துல, ஒரே கட்டடத்து மேல நாலு கடையும் நாலு புள்ளியா ஒண்ணு மேல ஒண்ணு குந்திக்கிட்டு இருக்கு. இதையும் கழுவித் துடைச்சு வைக்கிறது நாங்கதான்.

சங்கிலி_100 · காலை 9:30

இரு தரப்பும் தங்களைப் பற்றிப் பேசும் வேகத்தில் அளவை மறந்துவிட்டீர்கள். 6 அடி என்பது ஏறத்தாழ ஒன்பது லிங்க்ஸ். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்தச் சந்துக்கு என்ன அகலம் எழுதியிருக்கிறதோ அதுவே அகலம்.

டேப் பிடிப்பதிலும் முறை உண்டு. இரண்டு முனைகளும் சந்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு முனை 30 செ.மீ. தள்ளிப் போனால் 1.80 மீட்டர் 1.825 ஆகக் காட்டும். சாய்த்துப் பிடித்தால் அளவு கூடுமே தவிரக் குறையாது. தொய்வும் அப்படித்தான். ஆகவே உங்கள் 6 அடி, 6 அடிக்குக் குறைவாகவே இருக்கக்கூடும். கைப்பேசி ஜிபிஎஸ் திறந்தவெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே சிக்னல் எதிரொலித்து இன்னும் மோசமாகும். பிழை திருத்தும் ஜிபிஎஸ் கருவியான டிஜிபிஎஸ் இல்லாத இருவரும் தொழில்முறையினர் இல்லை.

டீக்கடை_பின் · காலை 9:34

சங்கிலி சார் வந்துட்டார். போன வருஷம் எஃப்எம்பி-யை (அரசு நில அளவைப் புத்தகத்தை) பார்த்து வரையலாம்னு சொன்னதும் இவர்தான். அந்தத் தரவு எந்த உரிமத்துல வருதுன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லை. ஓஎஸ்எம் 2012 செப்டம்பர்ல இருந்து ஓடிபிஎல்-ங்கற திறந்த தரவு உரிமத்துல இருக்கு. அதுக்குப் பொருந்தாத மூலத்துல இருந்து ஒரு கோடு எடுத்தாலும் அழிக்கணும்.

சங்கிலி_100 · காலை 9:52

“வரையலாம்” என்று சொல்லவில்லை, “ஒப்பிட்டுப் பார்க்கலாம்” என்றேன். அப்போதும் திரித்தீர்கள், இப்போதும் திரிக்கிறீர்கள்.

புதுசு · காலை 10:10

மன்னிக்கணும், நடுவுல ஒரு கேள்வி. தொழில்முறைன்னா சம்பளம் வாங்குறவரா, ஜிஐஎஸ் (புவித்தகவல்) படிச்சவரா, அரசு சர்வேயரா? ஆளுக்கு ஒரு அர்த்தத்துல பேசுற மாதிரி தெரியுது. முதல்ல அதை முடிவு பண்ணிக்கலாமே?

முடுக்குக்காரன் · காலை 10:14

நீலக்கோடு இன்னும் பதில் சொல்லலை. சரி, படத்தை வெச்சே பேசுவோம்.

ஜூம் 19-ல பிங் படத்துல நம்ம அட்சரேகைக்கு ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 29 செ.மீ. 1.8 மீட்டர்னா ஆறு பிக்சல். ரெண்டு பக்கமும் சன்ஷேடு ரெண்டு ரெண்டு அடி நீட்டியிருந்தா மேல இருந்து தெரியறது 60 செ.மீ., அதாவது ரெண்டு பிக்சல். படம் சாய்வா எடுத்ததா இருந்தா மாடி வீட்டுச் சுவரே அந்த ரெண்டு பிக்சலையும் மூடிடும். முனையில நிக்கிற தண்டவாளத் துண்டு ஒரு பிக்சலைவிடச் சின்னது. எந்தச் சம்பளக்காரர் எத்தனை மணி நேரம் திரையை உத்துப் பார்த்தாலும் தெரியாது. பேரியர்=போலார்ட்னு (தடுப்புக் கம்பம்) ஒரு நோடு அங்கே வெச்சிருந்தா ஓஎஸ்ஆர்எம் அந்த இடத்துலேயே காரை நிறுத்தியிருக்கும். அந்த நோடை வைக்க ஆள் நேர்ல போகணும்.

ஆக, படத்துல ரெண்டே பிக்சல் தெரியற ஒண்ணை ரெசிடென்ஷியல்னு முடிவு பண்ணியிருக்கீங்க. 6 அடிச் சந்து!

நீலக்கோடு · காலை 10:40

நேர்ல போனவர் நீங்க. அப்போ அந்த போலார்டை நீங்க ஏன் போடலை? மூணு பதிப்பு உங்க பக்கம். அகலத்தை அளந்தீங்க, காலுக்குக் கீழ நின்ன தண்டவாளத்தை விட்டுட்டீங்க. போலார்ட் இல்லேன்னு எங்களைக் குத்தம் சொல்றது என்ன நியாயம்?

6 அடின்னு திரும்பத் திரும்பச் சொல்றதால சொல்றேன். பஜாஜ் ஆர்இ ஆட்டோவோட அகலம் 1.3 மீட்டர். ஆல்டோ 1.49 மீட்டர். 1.8 மீட்டர்ல ரெண்டும் நுழையும். ஆட்டோ போற வழியை ஃபுட்வேன்னு போட்டதுதான் முதல் தப்பு.

முடுக்குக்காரன் · காலை 10:47

நுழையுமாம்! 6 அடிங்கறது சுவருக்குச் சுவர். அதுக்குள்ள ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் திண்ணை, வாசப்படி. பைக்கை சைடு ஸ்டாண்டுல நிறுத்தியிருப்பாங்க. ஓடுதளம் 4 அடி. ஆட்டோ கண்ணாடியை மடக்கினாலும் உள்ளே வராது.

நீலக்கோடு · காலை 10:50

ஆக இப்போ 4 அடி. காலையில இருந்து 6 அடின்னீங்களே?

முடுக்குக்காரன் · காலை 10:53

சந்து 6 அடி. ஓடுதளம் 4 அடி. படிச்சுப் பாருங்க.

சங்கிலி_100 · காலை 11:05

அப்படியானால் விட்த்=1.8 என்று எழுதியதே தவறு. வண்டி ஓடும் பகுதியை எழுத விட்த்:கேரேஜ்வே என்று தனியே இருக்கிறது. அதில் 1.2 வர வேண்டும். எங்கிருந்து எங்கே அளந்தோம் என்று எழுதாத அளவு அளவே அல்ல.

ஒழுங்கை · காலை 11:20

எங்கட பக்கம் யாழ்ப்பாணத்தில இதுக்கு ஒழுங்கை எண்டுதான் பேர். ரெண்டு பக்கமும் மதில் இல்லாட்டி கிளுவை வேலி. வேலி வெட்டின உடன ஒரு அகலம், மாரி முடிஞ்சு தழைச்சாப் பிறகு வேறொரு அகலம். அதால அகலத்தை வச்சு வகையைத் தீர்மானிக்கேலாது. ஹைவே=சர்வீஸ், சர்வீஸ்=ஆலி (குறுகின சேவை வழி) எண்டு போட்டால் ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. ஓஎஸ்ஆர்எம் ஆலிக்கு 5 கிலோமீட்டர் வேகம்தான் குடுக்குது, வேற வழி இருந்தால் அதுக்குள்ள வாகனத்தை விடாது.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தலையிடி பெயர்தான். சம்பளக் குழுக்கள் வந்து “1ஸ்ட் லேன்” எண்டு நேம்-இல எழுதிப்போட்டு, தமிழ்ப் பெயருக்கான நேம்:டிஏ-வை வெறுமையா விட்டுட்டுப் போகினம். பெயர்ப்பலகையில “1ஆம் ஒழுங்கை” எண்டு வடிவாத் தமிழில இருக்கு. அதையாவது ஆராவது பார்க்க வேண்டாமோ?

முடுக்குக்காரன் · காலை 11:31

ஆலியும் சரிப்படாது. ஆலின்னா வீட்டுக்குப் பின்வாசல் வழி, குப்பை வண்டி வர்ற வழி. இங்கே தலைவாசலே சந்துலதான் இருக்கு. திருநெல்வேலிப் பக்கம் இதை முடுக்குன்னுவோம். முடுக்குல கல்யாண ஊர்வலமே போகும். அதை ஆலின்னு எழுத மனசு ஒப்பாது.

ஒழுங்கை · காலை 11:38

தலைவாசல் இருந்தால் வீடுகளுக்கான வழி எண்டுதானே நீலக்கோடும் சொல்றார்? அப்ப நீங்கள் அவற்ற பக்கமே போறியள்.

முடுக்குக்காரன் · காலை 11:40

யார் பக்கமும் போகலை. 6 அடி.

நீலக்கோடு · மதியம் 12:15

ஒழுங்கை சொன்ன பெயர் விஷயம் சரிதான், அதுக்கு மறுப்பு இல்லை. ஆனா நேம்:டிஏ நிரப்பறதுல ஆர்வலர்களும் ஒழுங்கில்லை. ஒரே தெருவுல மூணு துண்டு, ஒண்ணுல “கோயில்”, ஒண்ணுல “கோவில்”, இன்னொண்ணுல “கோவில் ஸ்ட்ரீட்”. தேடல்ல மூணும் மூணு தெருவா வரும்.

குறைஞ்சபட்சம் நாங்க வெளிப்படையா இருக்கோம். எங்களை மாதிரிக் குழுக்களுக்காக 2018-ல வந்த ஒழுங்கமைந்த தொகுப்பு வழிகாட்டுதல்படி விக்கிப் பக்கம், கணக்குப் பட்டியல், ஹேஷ்டேக் எல்லாம் போட்டு வெச்சிருக்கு. ஆர்வலர் ஒருத்தர் ஊர் மொத்தத்தையும் கலைச்சிட்டுப் போனா யாரைக் கேட்கறது?

முடுக்குக்காரன் · மதியம் 12:33

விக்கிப் பக்கம் இருக்கு, கேட்டா பதில் இருக்கா? மாற்றத்தொகுப்புல கேள்வி போட்டா “கருத்துக்கு நன்றி, குழுவிடம் தெரிவிக்கிறோம்”னு ஒரு வரி. அதுக்கப்புறம் அந்தக் கணக்கு அடுத்த மாவட்டத்துக்குப் போயிடும்.

வெளிப்படைத்தன்மைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. முட்டுச்சந்து விவகாரம். ஓஎஸ்எம்-ஐத் திருத்த உதவுற ஐடி-ங்கற இணையத் தொகுப்பியில ரெண்டு தெரு 5 மீட்டருக்குள்ள நெருங்கி, சேராம நின்னா “கிட்டத்தட்டச் சந்திப்பு”ன்னு மஞ்சள் எச்சரிக்கை வரும். அதுல ரெண்டு பொத்தான்: இணை, இல்லேன்னா இணையாததுன்னு குறி. ரெண்டாவதை அழுத்தினா நோஎக்ஸிட்=யெஸ் (மேலே வழியில்லை) விழும். எச்சரிக்கை எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான் வேலைன்னு வரும்போது எதை அழுத்துவாங்க? முதல் பொத்தான்தான். நடுவுல ஏழடி காம்பவுண்டுச் சுவர் நிக்கிறது படத்துல ஒரு கறுப்புக் கீறல்தான், நிழல்னு நினைச்சுக்குவாங்க. அந்த ஒரு சொடுக்குல முட்டுச்சந்து குறுக்குவழியாயிடும். ஆம்புலன்ஸ் அந்தக் கோட்டை நம்பி வந்தா பின்னாடியே எடுத்துட்டுப் போகணும்.

இதுக்கு மருந்து எளிசு. சுவரை பேரியர்=வால்-னு தனிக் கோடா வரையணும், முட்டு நோடுல நோஎக்ஸிட் போடணும், நோட்-ங்கற டேக்ல “சுவர், நேரில் பார்த்தது”ன்னு ஒரு வரி எழுதணும். அடுத்து வர்ற ஆள் ரெண்டு தடவை யோசிப்பார்.

நீலக்கோடு · மதியம் 12:50

அந்த எச்சரிக்கையில முதல் பொத்தானை அழுத்துற ஆர்வலர்களும் நிறைய. எல்லாப் பழியும் எங்க தலையில வேண்டாம்.

2015 நேபாள நிலநடுக்கத்தப்போ உலகம் பூரா தன்னார்வலர்கள் ராத்திரி பகலா வரைஞ்சாங்க, மதிக்கிறேன். ஆனா வந்த கட்டடங்கள்ல கோணல் எத்தனை, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினது எத்தனை! க்யூ விசையை ஒரு தடவை அழுத்தினா மூலை நேராகும், அது ஜேஓஎஸ்எம்-ங்கற இன்னொரு தொகுப்பியிலயும் ஐடி-லயும் ஒரே விசைதான். அதைக்கூடச் செய்யாம ஏத்தினாங்க. சரிபார்க்க அனுபவஸ்தர்கள் வேண்டியிருந்தது.

டீக்கடை_பின் · மதியம் 1:02

அந்த அனுபவஸ்தர்கள் யாருங்க? நேபாளத்துல ஓஎஸ்எம் வேலை செய்யுற காத்மாண்டு லிவிங் லேப்ஸ் அமைப்பு ஆளுங்க அதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு வரைஞ்சு வெச்சிருந்தாங்க. அந்த அடித்தளம் உள்ளூர்க்காரங்க போட்டது. நிலநடுக்கம் வந்த அன்னைக்கு டெலிவரிக் கம்பெனி யாரும் போடலை.

2022 டிசம்பர்ல அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நாலும் சேர்ந்து ஓவர்ச்சர்னு தனி வரைபடத் தரவு அமைப்பு வெச்சதையும் சொல்லுங்களேன். நாம ஊத்துற தண்ணியில அவங்க தனித் தோட்டம் போடுறாங்க.

நீலக்கோடு · மதியம் 1:10

ஓவர்ச்சரை இதுல எதுக்கு இழுக்கறீங்க? ஓஎஸ்எம் தரவை யார் வேணும்னாலும் எடுக்கலாம், உரிமம் சொன்னபடி பேர் போட்டு, அதுல இருந்து உருவாக்கின தரவுத்தளத்தை வெளியிட்டா அதே உரிமத்துல கொடுத்தாப் போதும். தோட்டம் பிடிக்கலேன்னா ஓடிபிஎல்-ஐ மாத்தச் சொல்லிப் போராடுங்க.

சங்கிலி_100 · மதியம் 1:25

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 1.8 மீட்டர் சுவரிலிருந்து சுவருக்கா, திண்ணையிலிருந்து திண்ணைக்கா? ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில், கேமராவால் அளக்கும் ஸ்ட்ரீட்மெஷரை வைத்து எடுத்திருந்தால் கேமரா எந்த விளிம்பைப் பிடித்தது? வெயிலில் பளபளக்கும் சிமெண்டுத் தளத்தில் அந்தச் செயலி தரையைத் தவறாகப் பிடிக்கலாம், அளவு மாறிவிடும்.

முடுக்குக்காரன் · மதியம் 1:31

டேப்னு காலையிலேயே எழுதியாச்சு. ஃபைபர் டேப், ரெண்டு பேர் பிடிச்சது, தரையில இருந்து முழங்கால் உயரம், முனையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. 1.83, 1.80, 1.86. குறைஞ்சதை எழுதியிருக்கு, ஏன்னா வண்டி சிக்குறது குறுகின இடத்துலதான். இந்த மூணு எண்ணையும் எந்தச் சம்பளக் குழு கொடுக்கும்?

புதுசு · மதியம் 1:40

ஹைவே=சர்வீஸ், மோட்டார்கார்=நோ, மோட்டார்சைக்கிள்=யெஸ், விட்த்=1.8, முனையில போலார்ட். இப்படிப் போட்டா எல்லாருக்கும் சரியா?

முடுக்குக்காரன் · மதியம் 1:44

தம்பி, மோட்டார்கார்=நோ-ங்கறது சட்டத் தடைக்கு. நகராட்சி “கார் வரக்கூடாது”ன்னு பலகை வெச்சிருந்தாத்தான் அது. இடம் பத்தலேன்னா மேக்ஸ்விட்த்:ஃபிசிக்கல். ரெண்டையும் குழப்பாதீங்க.

நீலக்கோடு · மதியம் 1:47

சட்டத் தடை இல்லேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. தடை இல்லாத, வீடுகள் இருக்கிற தெரு. அதுக்குப் பேர் ரெசிடென்ஷியல்.

முடுக்குக்காரன் · மதியம் 1:48

6 அடி.

டீக்கடை_பின் · மதியம் 1:55

நீலக்கோடு, டீக்கடைன்னு எழுதினதைத் திரும்பப் பெறலைங்கறதையும் குறிச்சு வெச்சுக்கறேன். குளத்துக்குத் தெற்கே அந்தச் சந்து முனையிலேயே ஷாப்=டீ-ன்னு ஒரு புள்ளி இருக்கு, உங்க குழு ஹேஷ்டேக்கோட. அங்கே டீத்தூள் விக்கிறாங்களா, டீ ஊத்துறாங்களா?

நீலக்கோடு · மதியம் 2:03

கடைப் புள்ளிகள் என் பிரிவு இல்லை. சாலையைப் பத்தி மட்டும் கேளுங்க.

முடுக்குக்காரன் · மதியம் 2:05

சாலையைத்தான் காலை 7:40-ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.